போர்மன் வாய் திறக்காத திங்கட்கிழமை

அண்ணை,

முதலில் ஒரு களவை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாள் உங்கட வீட்டில் நடந்த பூசைக்கு வந்த அன்று, கதிரை எடுக்கவென்று நிலக்கீழ் அறைக்குப் போனவன் வெறுங்கையோடு வரவில்லை. அலுமாரிக்குப் பின்னால் நீங்கள் அமெரிக்கன் புட்போல் விளையாடப் போட்ட தோள்கவசம் கிடந்தது. கேட்டால் உங்கட மனிசி, எங்கட அக்கா, தந்திருப்பா. கேட்கப்போய் நானும் அழுது அவவையும் அழவைப்பேனோ என்ற பயத்தில், அதைச் சேர்ட்டுக்கு மேலே மாட்டி, அதுக்கு மேலே குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறி வந்தேன். வாசலில் நின்ற சுவாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாய்த் தேறியிட்டீர்" என்றார். "ஓம் சுவாமி, மனிசியின்ர சமையல்" என்றேன்.

இப்ப அது என்ர குசினிக் கதிரையில் இருக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வேர்வையும் புல்லும் மீன் எண்ணெயும் கலந்த அந்த மணம் போகவில்லை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள். உங்கட மணம் பட்டவுடன் என்ர நெஞ்சு இளகவேண்டும்தானே? இல்லை. போர்மனின் முகம்தான் வருகிறது.

எஸ்பியர்க் மீன் தொழிற்சாலையில் எங்களுக்கு மேலே இருந்து வேலை வாங்கினவன் அவன். கதவளவு உடம்பு. நீங்கள் அக்காவையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு ரெண்டாவது பனிக்காலமும் கழிந்திருந்தது. எங்கட சனத்தின் கடதாசி முழுக்கக் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவன் உங்கட மேசைக்கு முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பான்: "கடதாசி வந்ததோ?" நீங்கள் இல்லையென்று தலையாட்டுவீர்கள். "அப்ப மனிசி வேற ஆள் பார்த்திருப்பாள்." சிரிப்பான். கூடச் சிரிக்கிற ஆட்களும் இருந்தார்கள். உங்கட கத்தி நிற்காது. வெட்டின மீன்தலை மட்டும் வழமையைவிடக் கொஞ்சம் தூரம் போய் விழும்.

அவனுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. பக்கத்து ஊர் அணியில் அமெரிக்கன் புட்போல் விளையாடினான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களை இடித்து விழுத்தி ஓடுகிற வேலை அவனுக்கு. எங்கட ஊர் அணியில் எறியவும் ஓடவும் நிறையப் பேர், மறிக்கத்தான் ஆளில்லை. தொழிற்சாலைக் கன்டீனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நீங்கள் உங்கட பெயருக்குக் கீழே என்ர பெயரையும் எழுதிவிட்டு வந்து நின்றீர்கள்.

"எனக்கு உந்த விளையாட்டுத் தெரியாது அண்ணை."

"ஊரில கோட்டில நிண்டு கிளித்தட்டு மறிச்சனிதானே?"

"அதில ஆக்கள் மேல விழுறேல்லை."

"விழுந்தால் எழும்பு."

முதல் ஆட்டத்தில் விழுந்தோம். எழும்பத்தான் நேரம் எடுத்தது. போர்மன் நாலு தரம் உங்களுக்கு மேலால் ஓடினான். அடுத்தநாள் மேசைக்கு வந்து தன் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தான். "நேற்று எதையோ மிதிச்சிட்டன், அது நீயோ?" அன்று பஸ் தரிப்பில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டேய், ஒரு திங்கட்கிழமை. ஒரேயொரு திங்கட்கிழமை அவன் வாய் திறக்காமல் என்ர மேசையைக் கடந்து போகவேணும். எனக்கு அது காணும்."

அவர்களோடு மறு ஆட்டத்துக்கு முன் நல்ல சேதி வந்தது. அவர்களுக்குப் பந்து எறிகிறவன் படிக்கவென்று ஓல்போர்க் போய்விட்டான். வந்தவன் புதிசு, ஒரு முழு ஆட்டமும் ஆடாதவன். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் அவித்த உருளைக்கிழங்குகளை மேசையில் ஆளுக்கொன்றாக அடுக்கினீர்கள், பெரிசு போர்மன்.

"புதுப்பெடியனை நம்பி எறிய விடமாட்டாங்கள். போர்மனிட்டத்தான் பந்தைக் குடுப்பாங்கள். அப்ப எங்கட ஆக்கள் எட்டுப்பேர் முன்னுக்கு நிக்கவேணும். ஒருத்தனும் பந்தைப் பார்க்கக்கூடாது. தான் மறிக்கிற கோட்டைப் பார்க்கவேணும்."

எங்கட அணி டென்மார்க்காரர் பந்து போகிற பக்கம் எல்லாரும் சேர்ந்து ஓடுவார்கள். அவர்கள் விட்டுப்போன இடைவெளியால்தான் போர்மன் போவான். கிளித்தட்டில் மறிக்கிறவன் தன் கோட்டை விட்டால் தட்டே போச்சு. நீங்கள் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

"பந்தைக் கொண்டுபோக அவங்களுக்கு நாலு தரம்தான் குடுக்கிறது. அதுக்குள்ள பத்து யார் தூரம் முன்னுக்குப் போகவேணும். முதல் ரெண்டு தரமும் போர்மனை இருத்திப்போட்டால் மூண்டாம் தரம் பெடியன் எறிஞ்சே ஆகவேணும். நாங்கள் எட்டுப்பேரும் அவன்ர மேல பாயிற மாதிரி நிப்பம். பந்து கிளம்பினவுடனே நீயும் நானும் பின்னுக்கு."

"போர்மனை எங்க பிடிக்கிறது அண்ணை? கட்டிப்பிடிக்கக் கை காணாது."

"தொடையில. மேல பிடிச்சால் உன்னையும் தூக்கிக்கொண்டு போவான்."

பயிற்சியாளர் வந்து கனநேரம் உருளைக்கிழங்குகளைப் பார்த்தார். சரி என்றார். போகும்போது போர்மனை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. போர்மன் முதல் இடப்பக்கம் வந்தான். அடைப்பு. நடுவால் வந்தான். நீங்கள் குனிந்து ரெண்டு தொடையையும் சேர்த்துக் கட்டினீர்கள், அவன் மரம் சரிகிற மாதிரிச் சரிந்தான். "கோடு, கோடு" என்று நீங்கள் கத்திக்கொண்டே இருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் எங்கட அணி டென்மார்க்காரரும் அர்த்தம் தெரியாமலே "கோடு, கோடு" என்று கத்தத் தொடங்கினார்கள்.

கடைசியில் பெடியன் எறியத்தான் வேண்டியிருந்தது. ஆளில்லையென்று அவன் நினைத்த இடத்துக்கு எறிந்தான். அங்கே நான் நின்றேன். பந்து நெஞ்சில் வந்து விழுந்தது. ஓடினேன். அந்தப் பக்கக் கடைசிக் கோட்டையும் தாண்டினேன். ஆறு புள்ளி. அதோடு முடிந்தது என்று யாருக்குத் தெரியும்? கிளித்தட்டில் போனால் பாதிதானே, திரும்பி வந்தால்தானே பழம். நான் "பழம், பழம்" என்று கத்திக்கொண்டு முழு மைதானத்தையும் திரும்ப ஓடினேன். நடுவர் விசில் ஊதிக் களைத்தார். நீங்கள் புல்லில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். டென்மார்க் வந்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அடுத்தநாள் போர்மன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தான். உங்கட மேசையைக் கடந்தான். ஒரு சொல் இல்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. மூன்றாம் திங்கள் நீங்கள் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "இப்ப கடதாசி வந்ததோவெண்டு கேக்கிறதுக்கும் ஒருத்தருமில்லையடா."

"வேணுமெண்டால் நான் போய்த் திருப்பித் தொடங்கச் சொல்லட்டோ?"

மீன்தலை ஒன்று என்ர காதுக்குப் பக்கத்தால் போனது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. எங்கட கடதாசிகள் தானாகக் கிடக்கவில்லை, கிடக்கட்டும் என்று அமைச்சில் மேலே இருந்தவர்கள் விட்டிருக்கிறார்கள். விசாரணை நடந்தது, அரசாங்கமே விழுந்தது. நீங்கள் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "பார்த்தியே, அவங்களும் கோடு விடாமல்தான் நிண்டிருக்கிறாங்கள்" என்றீர்கள். அக்கா வந்து சேர்ந்தபோது நாலு வருஷம் போயிருந்தது. பிள்ளை மூன்று மாதம் உங்களை மாமா என்று கூப்பிட்டான்.

நீங்கள் எல்லாரையும் மன்னித்தீர்கள். போர்மன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். எனக்கு அந்தக் குணம் வரவில்லை அண்ணை. மேலே இருந்தவர்கள் எனக்கு எட்டமாட்டார்கள், போர்மன் எட்டுவான். அவனுக்குச் சொல்லவென்று டேனிஷில் ஒரு பேச்சை இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்துத் தீட்டிக்கொண்டு திரிகிறேன். பஸ்ஸில் போகும்போதும் வாய்க்குள் சொல்லிப்பார்ப்பேன். நீங்கள் போனபிறகு அது இன்னும் கூராகிவிட்டது.

போன கிழமை கடையில் அவனைக் கண்டேன். கம்பளித் தொப்பி, கதவளவு முதுகு. முன்னால் போய் நின்று ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். உங்கட பெயர், அக்காவின் நாலு வருஷம், பிள்ளை மாமா என்று கூப்பிட்டது, எல்லாம். அவனை நீங்கள் எப்படி விழுத்தினீர்கள் என்று குனிந்து கையால் காட்டவும் செய்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, தான் ஒருநாளும் மீன் தொழிற்சாலையில் வேலை செய்ததில்லை, கப்பலில் சமையல்காரனாக இருந்தவன் என்றார். நான் சரி என்றேன். என்ர கை பட்டு அவருடைய முட்டைப்பெட்டி கீழே விழுந்திருந்தது. பத்தில் ஆறு உடைந்திருந்தது. வேறு பெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.