அலைகரையிலிருந்து எழும்பிய பட்டி

ஜூலை 4, வெள்ளி

சோளகம் பேய்க்காற்றாய் அடிக்கிறது. குசினிக்குள் அடுப்பிலும் மண். காலையில் வாசிகசாலையில் கூட்டம். மாவட்டக் கச்சேரியிலிருந்து வந்த உத்தியோகத்தர் தம்பி நல்ல பிள்ளை, பதமாகத்தான் கதைத்தான். “மழைத்தண்ணி குளத்துக்கை இறங்கிறது குளத்தோரத்து இந்த அலைகரையாலைதான். அந்தத் தண்ணியைத்தான் ரவுண் சனம் குடிக்குது. இனி இஞ்சை மருந்தடிக்கேலாது, மாட்டுப்பட்டி வைச்சிருக்கேலாது.” கம்பிவேலி வருமாம்.

என் வீட்டுக்காரர் எழும்பிக் கேட்டார். “அப்ப என்ரை மாட்டை எங்கை தம்பி கொண்டுபோறது? காட்டுப் பக்கம் விடுகினமில்லை. வயல் பக்கம் போனா வெட்டுவாங்கள்.”

“மேய்ச்சல் தரைக்கு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறம் ஐயா.”

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். போன மாரி முழுக்கப் பேத்திக்கு வயிற்றோட்டம். ரவுணில், அந்தப் பட்டணத்து வீட்டில், மகள் குடிக்கக் கொடுப்பது இந்தக் குழாய்த் தண்ணீர்தான். நான் எந்த வாயால் மறுத்துக் கதைப்பது?

கடையில் வாங்க: நெருப்புப்பெட்டி, கற்பூரம், இவருக்கு இருமல் பாணி.

ஜூலை 9, புதன்

பட்டி மாறியது. றோட்டுக்கு அங்கால் என் தம்பியின் காணிக்கு. “மழை வருமட்டும் வைச்சிருங்கோ அத்தான்” என்றான், பாவம். மழை வந்தால் அவன் விதைக்க வேண்டும்.

மாடுகள் நகரவே இல்லை. சிவப்பி முன்னால் நடந்தால்தான் மற்றவை நடக்கும். நிறைசினை வேறு. இவர் அதன் காதுக்குள் ஏதோ சொன்னார், நடந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “அது எங்கடை கதை. உமக்கென்ன?” கொழுப்பு!

இவரும் அங்கேயே கொட்டில் போட்டுப் படுக்கிறார். வீடு வெறிச்சென்று.

பொழுதுபடப் பட்டிக்குப் புகை போடுவது என் வேலை, கடிக்கிற நுளம்பை விரட்ட. புகையைக் கண்டால் மாடுகள் எங்கே நின்றாலும் வந்து சேரும். இன்றைக்கும் வேப்பங்குழை ஒடிக்கப் போய்விட்டுத் திரும்பினேன். இனி அங்கே இவரே போடுவார்.

ஜூலை 13, ஞாயிறு

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடிக்கும்.

நாளை வேலிக்காரர் வருகிறார்கள், இடம் துப்புரவாய் இருக்க வேண்டுமாம். பழைய பட்டியைக் கூட்டி, காய்ந்த சாணியும் குப்பையும் குவித்துப் பொழுதுபட நெருப்பு வைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. என் மண்டைக்குள் என்ன இருந்தது? காற்று புகையை அப்படியே றோட்டுப் பக்கம் தள்ளியது.

இவர் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரம். அடைத்த கம்பை முறித்துக்கொண்டு பட்டி முழுக்க வெளிக்கிட்டிருக்கிறது. முன்னால் சிவப்பி. நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கும். றோட்டில் மணல் டிப்பர். சத்தம் இங்கே கேட்டது.

ஓடினேன். சிவப்பி கிடந்தது. வயிற்றுக்குள் கன்று இன்னும் அசைந்தது, பிறகு இல்லை. டிரைவர் தலையில் கைவைத்து அழுதான். “பிரேக் பிடிச்சனான் அம்மா, நிக்கேல்லை.” மற்ற மாடுகள் விலத்தி நடந்து வந்து பழைய இடத்தில் படுத்துவிட்டன.

இவர் கேட்டது ஒன்றுதான். “ஆர் புகை போட்டது?”

“நான்தான்.”

அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஏசியிருக்கலாம்.

ஜூலை 15, செவ்வாய்

வேலி போட்டாயிற்று. இரண்டு பசுக்கள் வந்து கம்பியோடு நின்றன. “போங்கோடி, இஞ்சை வராதேங்கோ!” கத்தினேன்.

மகள் போனில். “அப்பா சரியான கோவமோ அம்மா?”

“கோவமெண்டாப் பரவாயில்லையே பிள்ளை.”

ரவுண் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் எங்களுக்கு ஒரு துண்டு தரை காட்டிவிட்டு வேலியைப் போட்டிருக்கக் கூடாதா?

ஜூலை 18, வெள்ளி

இவர் மாடு எல்லாவற்றையும் விலைக்குக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. வவுனியாவிலிருந்து லொறி. வளர்க்கத்தான் கொண்டுபோகிறார்களாம். வளர்க்கிறவன் கிழட்டு நாம்பன் மாட்டையும் சேர்த்து ஏற்றுவானா? எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் தலையாட்டினோம்.

ஜூலை 19, சனி

காற்று இல்லை. கடைக்குப் போய்த் தேத்தண்ணீருக்குப் பால்மா வாங்கினேன், இந்த வீட்டுக்கு முதல் தரம். கடைக்கார அக்கா, “வீட்டை ஆரும் வந்திருக்கினமோ?” என்று கேட்டா. ஓம் என்றேன்.

தேத்தண்ணீர் கொடுத்தேன். இவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார்.

“சீனி போடேல்லையோ?”

அன்றைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை. போட்டிருந்தேன். இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.