அவளைத் தேடுகிறேன்

என் கண்ணுக்கு,

நேற்றிலிருந்து உன் வீட்டு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. இதையாவது கிழிக்காமல் படி.

உன் சிநேகிதியைக் கெஞ்சி நம்பர் வாங்கினேன். மாப்பிள்ளை எடுத்தால் அவருக்குத் தமிழ் தெரியாதே என்று மூன்று மாதமாக ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறேன். போன வாரம், பெயரை எடுத்துவிட்டு அவனை, அவளை, அதை என்று போடும் பாடம். "என் மகளைத் தேடுகிறேன்" என்பதை "லா புஸ்கோ" என்று மாற்ற வேண்டும். அவளைத் தேடுகிறேன். முப்பது வாக்கியத்திலும் ஒரு தப்பில்லை.

"எப்படிம்மா உங்களுக்கு இவ்வளவு சுலபமா வருது?" என்றாள் டீச்சர்.

எங்கள் வீட்டில் ஏழு வருடமாக அதுதான் பழக்கம் என்று அவளிடம் சொல்லவில்லை. உன் பெயரை எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்ன அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. நேற்றுகூட ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, "அவளுக்குப் போன் போட்டியா?" என்றுதான் கேட்டார்.

போட்டேன். ஒரு குழந்தை எடுத்தது. உனக்குக் குழந்தை இருப்பதே அப்போதுதான் தெரியும். "லா புஸ்கோ, லா புஸ்கோ" என்றேன்.

"அ கியேன்?" என்றது. யாரை என்று கேட்கிறது.

உன் பெயரைச் சொன்னேன். நாக்கு புரளாமல் இரண்டாம் தடவைதான் வந்தது. "மமா!" என்று கத்திக்கொண்டு ஓடியது. உன் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு லைன் கட். அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டும் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்கு ஆபரேஷன். நீ பேச வேண்டாம், குழந்தையிடமாவது போனைக் கொடு. "உன் பெயர் என்ன?" என்று அதனிடம் ஸ்பானிஷில் கேட்கப் படித்துவிட்டேன்.

அம்மா