தண்ணீரில் நிற்கும் ஊர்

என் பிரியமான அண்ணே,

நீ கடலோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது? யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் இப்போது ஜெபல் அலியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால் இத்தாலியிலிருந்து ஓவியங்கள் வந்தன. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தியவை, எல்லாமே வெனிஸ் என்ற ஊரின் படங்கள். பெட்டியைப் பிரித்து அபுதாபியில் ஒரு ஹாலில் மாட்டுவது எங்கள் டூட்டி. அந்த ஊரில் வாசலைத் திறந்தால் தண்ணீர்தான் அண்ணே. மணலும் இல்லை, கரையும் இல்லை.

ஒரு படத்தை நானும் சூப்பர்வைசர் ரஃபீக் பாயும் தூக்கிப் பிடித்திருந்தோம். கீழ் மூலையில் ஓர் ஓடம். அதில் நகக்கண் அளவுக்கு ஓர் ஆள், முதுகைக் காட்டி நின்று துடுப்புப் போடுகிறான். இடது தோள் இறங்கியிருக்கிறது. சின்ன வயதில் எலும்பு முறிந்து கடைசிவரை நிமிராத உன் தோள். என் கை தளர்ந்துவிட்டது. "அரே பாய், பக்கடோ!" என்று, விடாமல் பிடிக்கச் சொல்லி ரஃபீக் பாய் கத்தினார்.

படங்களோடு வந்திருந்த இத்தாலிக்காரப் பெண்ணிடம் அந்த ஆள் யார் என்று கேட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். "யாருமில்லை. ஊரில் ஆள் நடமாட்டம் தெரிய ஓவியர் வரைந்தது."

சாயங்காலம் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி அந்தப் படத்தின் முன்னால் மட்டும், ஈரம் அதிகம் என்று சிவப்பாக எரிந்தது. கூரையைப் பார்த்தார்கள், ஏசியைப் பார்த்தார்கள், ஒழுகல் இல்லை. கருவியைப் பக்கத்துச் சுவருக்குக் கொண்டுபோனால் பச்சை. திரும்பக் கொண்டுவந்தால் சிவப்பு.

மறுநாள் வெள்ளிக்கிழமை, உன் மனைவி, என் மயினி, ஊரிலிருந்து போன் செய்தார்கள். "எதாச்சும் தகவல் உண்டா ராசு?"

"விசாரிச்சிட்டு இருக்கேன் மயினி."

அது பொய் என்று உனக்குத் தெரியும். உன்னோடு மீன்பிடி லாஞ்சில் இருந்தவன், நீ கடலில் விழுந்த மறுநாளே அஜ்மானில் என் ரூமுக்கு வந்து, பார்த்ததைச் சொல்லிவிட்டான். வலைக் கயிறு உன் காலில் சுற்றி இழுத்தது, நீ மேலே வரவே இல்லை. உடல் கிடைக்காததால் நான் மயினியிடம், ஈரான் படகு காப்பாற்றியிருக்கும், அங்கே ஜெயிலில் இருக்கலாம் என்றேன். அது இரக்கமா, அவர்கள் அழுகைக்குப் பயந்ததா?

மயினி போனை வைக்கவில்லை. "நேத்து கனவுல ஒரு ஊரு வந்துது. வீடெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது. மணலே இல்ல. அண்ணன் வள்ளத்துல முதுகு காட்டிட்டு நிக்காரு. கூப்பிட்டேன், திரும்பல. அது எந்த ஊரு ராசு? ஈரானா?"

படத்தைப் பற்றி நான் ஊரில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை அண்ணே. ஏசி ரூமில் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"அண்ணன் அன்னைக்கே செத்துப்போச்சு மயினி" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

உன் மகள் பாடம் வாசிப்பது மட்டும் தூரத்தில் கேட்டது. பிறகு மயினி சொன்னார்கள்: "ரெண்டு வருசமா அவரைப் படுக்க விடாம நிக்க வச்சிட்டியே, பாவி."

போன் கட்டானது. அதன்பிறகு அவர்கள் என் அழைப்பை எடுப்பதில்லை.

அடுத்த வாரம் ஊரில் உடலுக்குப் பதில் உன் சட்டையைச் சவப்பெட்டியில் வைத்து, பூசை வைத்து அடக்கம் செய்தார்கள். அன்று காலையில்தான் அந்தக் கருவி தானாகப் பச்சைக்கு வந்தது என்று ரஃபீக் பாய் சொன்னார். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்திருக்கிறது. மயினி வாசலில் போய் நிற்பேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அப்பா எங்கே என்று உன் மகள் கேட்டால், கல்லறைக்குக் கூட்டிப்போய் நடந்ததை நடந்தபடி சொல்வேன். உன்னைப் பற்றி இனி ஒரு பொய்யும் என் வாயில் வராது.

உன் கூடப்பிறந்த தம்பி,
ராசு