பெட்டி போட்ட பிறகு கேட்ட சத்தம்

நாள் 608, 06:10

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை முழுக்க வாசித்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்த்தது படம் மட்டும். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு நாற்பது பக்க ஆங்கிலம் அனுப்பியது தலைமையகத்தின் குற்றம். கையெழுத்து என் குற்றம்.

நிலவின் தென்முனை, இரண்டாம் குடில். ஆள்: செல்லக்கனி, ஒருத்தி. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. முழங்கால் சரியில்லை.

இதை யார் எடுத்து வாசிக்கிறீர்களோ, உங்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி முதல் குடிலில் சூசையப்பன் இருக்கிறார். தரைக்கடியில் பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கும் துளைக்கு அவர்தான் காவல். அவருடைய மூச்சுக்காற்றைச் சுத்தமாக்கிச் சுற்றவிடும் புளோயர் வெளியே கொட்டகையில் ஓடுகிறது. வெளியே காற்று கிடையாது. அதனால் அதன் சத்தம் அவருக்கே கேட்காது. அதன் அச்சைத் தாங்கும் பேரிங் மேல் ஒட்டிய மைக், சத்தத்தை எண்களாக்கி நெட்வொர்க் வழியாக என் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கேட்பது என் வேலை. தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருஷம் விசைப்படகு எஞ்சினுக்குக் காது கொடுத்தவள் என்றுதான் என்னை எடுத்தார்கள்.

பத்து நாளாக ஒரு கரகரப்பு. பேரிங்தான் போகிறது என்றால், மாற்ற வேறு பேரிங் இல்லாததால், சூசை கிளம்பி இங்கே வந்தாக வேண்டும். வந்தால் துளை உறைந்துவிடும். கிட்டத்தட்ட இரண்டு வருஷ உழைப்பு கல்லாகிவிடும். தலைமையகம் நெட்வொர்க் மேல் பழியைப் போட்டது. சரக்குக் கலத்தில் ஒரு வடிகட்டிப் பெட்டி, முனையில் தங்கம் பூசிய கேபிள், பெட்டி அதிராமல் உட்கார நாலு ரப்பர் கால் வந்திருக்கின்றன. இவற்றைப் போட்டால் ஒலி துலங்குமாம். எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக்கூட இவ்வளவு நல்ல கால் கிடையாது.

நாள் 608, 11:30

மாட்டினேன். கேட்டேன். கரகரப்பு இல்லை. பட்டுச்சேலையைக் கையால் தடவுவதுபோல ஓடுகிறது. உடனே சூசையைக் கூப்பிட்டேன்.

"தம்பி, உன் புளோயர் உன்னைவிட ஒழுங்கா மூச்சு விடுது."

"நெசமாவா எக்கா? அப்ப நான் கிளம்ப வேண்டாமா?"

"எதுக்கு? இங்க வந்து என் சோத்தையும் திங்கவா? இருந்து வேலையப் பாரு."

சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு.

நாள் 609, 08:00

தலைமையகத்திலிருந்து பாராட்டு: "சிறப்பான பணி. கருவிகளின் பயன் நிரூபணமாகியுள்ளது." அசதி. தூங்கி எழுந்தாலும் அசதி. புளோயர் நன்றாகவே கேட்கிறது.

நாள் 611, 07:20

தூசி துடைக்கும்போது பார்த்தேன். பெட்டியில் விளக்கு எரியவில்லை. மின்சார ஒயர் பின்னால் சுருட்டியபடியே கிடக்கிறது. நான் செருகவே இல்லை.

ஒன்பதாம் பக்கத்துப் படம்: மின்சாரம் இல்லாவிட்டால் பெட்டி எதையும் தொடாமல் அப்படியே கடத்திவிடும். மூன்று நாளாக அது ஒரு மரக்கட்டை. பட்டுச்சேலையெல்லாம் என் காது நெய்தது.

நாள் 611, 07:50

பெட்டியைச் செருகிக் கேட்டேன். கழற்றிக் கேட்டேன். பழைய கேபிளில், புதிய கேபிளில், ரப்பர் காலோடு, காலில்லாமல். எல்லாவற்றிலும் கரகரப்பு இருக்கிறது, முன்னைவிடக் கனமாக. அங்கே அனுப்பிய எண்களையும் இங்கே வந்த எண்களையும் ஒப்பிடும்படி கணினியிடம் சொன்னேன். ஒரு எண்கூட மாறவில்லை. வழியில் அழுக்கு ஒன்றும் சேரவில்லை. அங்கே இருப்பதுதான் இங்கே வருகிறது.

அவர் சாகக்கூடாது என்று ஆசைப்பட்டேன். காது அந்த ஆசையைக் கேட்டுவிட்டு எனக்குச் சொல்லியிருக்கிறது.

நாள் 611, 08:05

"சூசை, நான் சொன்னது தப்பு. பேரிங் போச்சு. கிளம்பு."

"என்னக்கா வெளையாடுறீங்க? அன்னைக்கு ஒழுங்கா மூச்சு விடுதுன்னீங்க, இன்னைக்குப் போச்சுங்கீங்க. துளைய விட்டுட்டு எப்படிக்கா வர?"

"என்னை நம்பாதே. நல்லது. ஒரு திருப்புளி எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குப் போ."

"எதுக்கு?"

"முனைய பேரிங் மேல அழுத்து. பிடிய ஹெல்மெட்ல வை. படகுல நாங்க காதுல வைப்போம். இரும்பு வழியா சத்தம் வரும். நெட்வொர்க்கு வேண்டாம், பெட்டி வேண்டாம், நானும் வேண்டாம்."

நாள் 611, 08:40

கொட்டகையிலிருந்தே கூப்பிட்டார்:

"எக்கா."

"சொல்லு."

"கல்லு அரைக்குது."

"வா தம்பி."

"துளை..."

"துளைக்கு மூச்சு வேண்டாம். உனக்கு வேணும்."

நாள் 611, 09:15

வண்டியில் கிளம்பிவிட்டார். ஐந்து மணி நேரப் பாதை. உடுப்பில் ஏழு மணி நேரக் காற்று. வண்டி எங்கேயாவது மாட்டினால் எடுக்க இரண்டு மணி நேரம் இருக்கிறது. தலைமையகம் காரணம் கேட்டிருக்கிறது. பதில் எழுதத் தெம்பில்லை.

நாள் 611, 12:47

ஸ்பீக்கரில் ஒரு கிறீச். பிறகு ஒன்றுமில்லை. இணைப்பைச் சோதித்தேன்: முழுசாக இருக்கிறது, எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எல்லாம் பூஜ்யம். இந்த 611 நாளில் இவ்வளவு சுத்தமான ஒலி இங்கே வந்ததில்லை.

சூசையிடம் சொல்லவில்லை. வண்டி ஓட்டட்டும்.

நாள் 611, 13:30

"எக்கா, உங்க விளக்கு தெரியுது."

"தூரமா?"

"தூரந்தான். ஆனா தெரியுது."

"பேசாதே. காத்து வீணாகும்."

"நீங்கதானேக்கா கேள்வி கேட்டீங்க."

நாள் 611, 14:26

சூசையப்பன் வந்து சேர்ந்தார். கதவு இரண்டும் மூடின. அழுத்தம் சரி. ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது, மற்றபடி நலம். வரவேற்க வேகமாக எழுந்தேன். இங்கே என் எடை ஊரில் இருப்பதில் ஆறில் ஒன்று. தலை கூரையில் இடித்தது. மூன்று தையல். போட்டவர் சூசையப்பன். நூல் நீலம்.