வடக்குப் பக்கத்து இருநூறு பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த வடநாட்டுக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் என்றால் நீ குறுக்கே ஒன்று கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். எழுதுகிற காகிதம் குறுக்கே பேசாது, அதனால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

போன மாதம் நீ கேட்டாயே, அம்மா நீ அந்த மைதானத்திலேயே வேலை பார்க்கிறாய், உள்ளதை உள்ளபடி சொல், அந்தப் புது கால்பந்து டீம் நிலைக்குமா, ஜனங்கள் மனசார வருகிறார்களா, நிலைக்கும் என்றால் இந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அவர்கள் கூப்பிடுகிற பிசியோதெரபி வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று. நானும் யோசிக்காமல், உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள் என்று சொன்னேன். அது பொய் பாப்பா. வருகிற திங்கட்கிழமை நீ ராஜினாமா கடிதம் கொடுக்கப்போவதாக நேற்று அப்பா சொன்னார். அதற்குள் இது உன் கைக்கு வரவேண்டும் என்று தபால்காரரிடம் கேட்டு, விரைவுத் தபாலில் போடுகிறேன்.

கூட்டம் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்களே அதை நான் எப்போதும் நம்பியதில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் மூன்று பேர் துடைப்பமும் கறுப்புப் பையுமாகப் படியேறும்போது நாற்காலியே சொல்லிவிடும். கூரை போட்ட பக்கத்தில் பக்கத்துத் தார் ரோட்டுத் தூசி தினம் வந்து படியும், ஆள் உட்கார்ந்த நாற்காலியில் அது இருக்காது, உட்காராத நாற்காலியில் விரலால் பெயர் எழுதலாம். முதல் ஆட்டத்துக்கு ஒரு நாற்காலியில்கூடத் தூசி இல்லை, குப்பை மட்டும் இருபத்திரண்டு பை. இப்போது ஆறு பை, அதுவும் பெரும்பாலும் தண்ணீர் பாட்டில். பாட்டிலைப் பார்த்தாலே வந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும், பாதித் தண்ணீரோடு கிடந்தால் பாதியில் எழுந்து போனவர். கிளப்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிகளுக்கும் இலவச பாஸ் கொடுக்கிறார்கள், வந்தவர்கள் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் சூப்பர்வைசர், அவரை நாங்கள் விசில் என்றுதான் சொல்வோம், பாதி பாட்டிலை எல்லாம் ஓரமாக ஊற்றிவிட்டு வாருங்கள், பை கனக்கிறது என்று கத்துவார். ஊற்றி ஊற்றியே இந்த டீமின் நிலைமை எனக்கு விளங்கிவிட்டது.

ஜனங்களையும் குறை சொல்ல முடியாது. நீ ஐந்தாவது படிக்கும்போது ஆலைக்காரர்கள் நடத்திய பழைய டீம் ஒரே நாளில் கலைந்துபோனது உனக்கு நினைவிருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று எல்லோரும் போய் நின்றால் கேட்டில் பூட்டுத் தொங்கியது, ஏன் எதற்கு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அப்பா அந்த டீம் சட்டையை ஒரு வருடம் பெட்டியில் வைத்திருந்தார், பிறகு நான் அதைத் தரை துடைக்க எடுத்துவிட்டேன், அதற்காக ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிச் சூடு பட்டவர்களிடம் போய்ப் புதிதாக ஒரு கொடியைக் கொடுத்து ஆட்டு என்றால் கை அவ்வளவு சீக்கிரம் எழும்புமா. பக்கத்து வீட்டுத் தையற்காரர் சொல்வார், ஆடுறவன் எல்லாம் வெளியூரு, நடத்துறவன் அதுக்கும் வெளியூரு, நடுவுல நாம எதுக்குத் தொண்டை கிழியக் கத்தணும் என்று. ஆனால் அப்பா இழுத்தால் கூடவே போய்விடுவார், அது வேறு விஷயம்.

அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அச்சகத்தில் ஓய்வு கொடுத்த பிறகு இரண்டு வருடம் அந்த மனுஷன் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை, நானும் உன்னிடம் சொல்லவில்லை. சாப்பிட வாருங்கள் என்றால் வருவார், போதும் என்றால் எழுந்துவிடுவார், அவ்வளவுதான் பேச்சு. இந்த டீம் வந்த பிறகுதான் வீட்டில் அவர் குரல் கேட்கிறது. நீலத் துண்டு ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார், குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார், அதையும் நான் பிடுங்கினால்தான். நடுவரைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிக்கொண்டு வந்து என்னிடம் வெந்நீர் கேட்பார். தெருவெல்லாம் என் பொண்ணுதான் டீமுக்கு வரப்போறா, இனிமே ஒருத்தன் காலும் பிசகாது பாருங்க என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவரிடம் போய் இந்தக் கணக்கெல்லாம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் பேசுவதை நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

இவ்வளவும் எழுதிவிட்டு இன்னொன்றை மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடும். கூரை இல்லாத வடக்குப் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே கீழ் வரிசைகளில் எப்போது போனாலும் ஒரு காகிதம் கிடக்காது, பனியிலும் மழையிலும் தூசியும் தங்காது, அதனால் அங்கே யாரும் உட்காருவதில்லை என்று நானே முடிவு செய்து, துடைப்பத்தைச் சும்மா காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன்னிடம் பொய் சொன்ன பிறகு மனசு கேட்காமல், போன ஆட்டத்துக்கு அப்பாவோடு நானும் போனேன். அவர் என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்த இடம் அந்த வடக்குப் பக்கம்தான். நல்ல மழை. நம் ஆட்கள் நாலு கோல் வாங்கினார்கள், ஒன்றுகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் மூன்றாவது கோலுக்கே எழுந்து போய்விட்டார்கள், இங்கே நனைந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தலை குனிந்து வந்த ஆட்டக்காரர்களுக்குக் கை தட்டினார்கள், தையற்காரர்கூடத் தட்டினார், நான் பார்த்ததும் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். பிறகு ஆளாளுக்குக் குனிந்து காலடியில் கிடந்ததைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வெல்டிங் கடைக்காரர் சாக்கு ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். நான்தான் இங்கே கூட்டுகிறவள், இது என் வேலை, நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டு, நாம உக்கார்ற இடம்மா, நாமளே போட்டுட்டுப் போனா எப்படி என்றார்.

நான் விடவில்லை. பழைய டீம் மாதிரி இதையும் ஒரு நாள் பூட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பூட்டினா அழுவோம், அதுக்காக இப்பவே வராம இருக்க முடியுமா என்றார். எண்ணிப் பார்த்தேன், இருநூறு பேர் இருப்பார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கே காணாது. ஆனால் இந்த இருநூறு பேரும் எந்தப் பாஸுக்கும் வந்தவர்கள் இல்லை, அப்படியே பத்து வருடம் பொறுத்தால் பிள்ளைகளையும் மருமக்களையும் கூட்டிவந்து இருபதாயிரம் ஆக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து வருடம் பொறுக்கிற முதலாளி யார் என்பதுதான் கேள்வி. மாடி வராந்தாவைத் துடைக்கும்போது கிளப் மானேஜர் யாரிடமோ போனில், அடுத்த சீசன் வரைக்கும் பார்ப்போம், இல்லேன்னா வேற ஊருதான் என்று சொன்னது என் காதில் விழுந்தது. துடைக்கிறவள் காதில் விழுந்தால் என்ன என்று நினைத்திருப்பார்.

அதனால் நீ கேட்டதற்கு இதுதான் பதில். அன்பு இருக்கிறது, நிலைக்கிற அன்புதான், ஆனால் அது வளர்கிற வரைக்கும் டீம் இருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆறு வருடம் இராப்பகலாக உழைத்து நிரந்தரமாக்கிக்கொண்ட வேலையை என் வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிடாதே. விட்டால் அந்த இடம் மறுபடி கிடைக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், கோபப்பட்டால் படட்டும், என்னோடுதானே.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பின அன்று விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்னா சொல்லும்மா, இருந்துடறேன் என்றாய். நான் கையை உதறி, போ, போய்ப் பிழைக்கிற வழியைப் பார் என்றேன். அன்றைக்கு அப்படிச் சொன்ன வாயால் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஒரு சாக்குக் கிடைக்காதா என்று இருந்தேன், இந்த டீம் கிடைத்தது. ஊர் ஜனமெல்லாம் அதைக் கொண்டாடுகிறது என்று உன்னிடம் சொன்னேனே, எனக்கு அது தோற்றால் என்ன ஜெயித்தால் என்ன, நீ வந்தால் போதும் என்று இருந்தது.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் கை பட்டவர்கள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். முதுகு வலி என்றாயே, ஊராருக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை நீயும் கொஞ்சம் செய். அப்பாவுக்கு ஞாயிறு தவறாமல் போன் பண்ணு, டீமைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேள்.

வருவதும் வராததும் உன் இஷ்டம் பாப்பா. அன்று நீ கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, வேண்டாம், இருந்துவிடு என்பதுதான்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா