முத்திரையிட்ட மேற்கு அறை

அனுப்புநர்
அக்லாயியா ட்சூமா (வயது 63), தையல்காரி,
மெலிசோராகி மலைக்கிராமம்,
எப்பிரஸ், கிரீஸ்.

பெறுநர்
மாவட்ட ஆளுநர் அவர்கள்,
மாவட்ட ஆட்சி அலுவலகம்.

பொருள்: காலஞ்சென்ற என் அண்ணன் லாம்ப்ரோஸின் பங்கு வீட்டை எதிரிச் சொத்தாக முடக்கி வைத்திருப்பது, அதனால் நேர்ந்த உயிரிழப்பு, கொத்தனார் கித்சோஸ் மீதான குற்ற அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை கட்டிய கல்வீட்டின் கிழக்கு அறைகளில் நான் தனியாக வசித்து வருகிறேன். மேற்கு அறைகள் என் அண்ணனின் பங்கு. இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே நடு உத்திரம்.

2. 1945 இலையுதிர் காலத்தில், அல்பேனியப் பக்கத்தில் இருந்த எங்கள் மாமா இரவல் வாங்கிப் போயிருந்த கோவேறு கழுதையை ஓட்டிவர அண்ணன் மலைமுகட்டைத் தாண்டிப் போனார். மூன்று மணிநேர நடை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அவர் அங்கே இருக்கும்போதே எல்லையை அடைத்துவிட்டார்கள். அல்பேனியாவில் கல்குவாரியில் வேலை கிடைக்க அந்நாட்டுக் குடிமகனாகப் பதிந்துகொண்டார். அங்கேயே மணமுடித்தார், மனைவியையும் அங்கேயே அடக்கம் செய்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளில் எங்களுக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் நான்கு.

3. தந்தை இறந்தபின் வாரிசுப் படிவத்தில், சகோதரர் எங்கே என்ற கேள்விக்கு "அல்பேனியாவில்" என்று உண்மையை எழுதியவள் நான்தான். அந்த ஒரு சொல்லை வைத்து 1963இல் இரண்டு அலுவலர்கள் வந்து, 1940இல் அல்பேனியாவோடு தொடங்கிய போர் சட்டப்படி இன்னும் நடக்கிறது என்று கூறி, மேற்கு அறைக் கதவில் அரக்கு முத்திரை வைத்துச் சென்றார்கள். சில மாதங்களில் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

4. எல்லைக் காவல் தளர்ந்தபின், 1991 ஜனவரியில் ஒருநாள் காலை, கதவைத் தட்டிய கிழவர் ஒருவர், "அக்லாயியா, நான்தாம்மா, லாம்ப்ரோஸ். கதவத் தொற" என்றார். எனக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை. பேர் சொல்லியும் தாழ்ப்பாளை எடுக்காமல், "நம்ம கழுதைக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "அந்தக் கிழட்டுக் கழுதைக்குப் பேரு வேறயா? உதைக்காரின்னு தானே கூப்பிடுவோம்" என்றார். பனியில் நடந்து வந்த அவர் கால்களை அன்று முழுவதும் வெந்நீரில் வைத்திருந்தேன்.

5. அவர் என் சமையலறையில் படுத்துக்கொண்டார். மேற்கு அறையில் கூரைக் கற்பலகைகள் சரிந்து, மழைநீர் இறங்கி, உத்திரம் உளுத்துப்போயிருந்தது. உள்ளே போய் முட்டுக் கொடுக்க அனுமதி கேட்டு இருமுறை மனுச் செய்தோம். எதிரிச் சொத்தில் மாற்றம் செய்ய வழியில்லை என்று இருமுறையும் பதில் வந்தது. போர்நிலை முடிந்ததாக 1987இல் அமைச்சரவை அறிவித்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நானே நேரில் போனேன். எழுத்தர் அதை மரியாதையாகப் படித்துவிட்டு, "அறிவிச்சது நெசம்தாம்மா. ஆனா பழைய சட்டத்த நாடாளுமன்றத்துல எடுத்துப் போடணும்ல? அத யாரும் செய்யல. மறந்துட்டாங்க போல. அதுவரைக்கும் உங்க அண்ணன் எங்களுக்கு எதிரிதான். என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

6. இவ்வாண்டு பிப்ரவரி 9 காலை, மூன்று நாள் பனிக்குப் பின், மேற்குக் கூரையின் பாரம் என் பக்கத்தையும் இழுக்கத் தொடங்கியது. உத்திரம் முனகுவது எங்களுக்குக் கேட்டது. அண்ணன் மண்வெட்டியோடு ஏறினார். "வயசென்ன ஆச்சு, எறங்குங்கண்ணே" என்றேன். "உன் தலையில விழட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றார். சற்று நேரத்தில் கூரை உடைந்து, கல்லும் பனியுமாக அவர் மேற்கு அறைக்குள் விழுந்தார்.

7. இனி எழுதுவதை எந்த அலுவலரும் என்னிடம் கேட்கவில்லை. நானே சொல்ல வேண்டியது. அவருக்கு நினைவு இருந்தது. கதவுக்கு உள்ளிருந்து, "ஒடச்சிராதம்மா. முத்திரை இருக்கு. உன்மேல கேஸு போட்ருவாங்க. அனுமதி வாங்கிட்டு வா, நான் தாங்கிக்கிறேன்" என்றார். நான் அந்தப் பேச்சைக் கேட்டேன். கையில் கோடரி இருந்தும் அதைக் கீழே போட்டுவிட்டு, பனியில் காவல் சாவடிக்கு ஓடினேன். அங்கிருந்த காவலர் மேலதிகாரிக்குத் தொலைபேசினார். மேலதிகாரி வேறோர் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். முக்கால் மணிநேரம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அனுமதி வராமல் நான் திரும்பியபோது, போகும் வழியில் என்னிடம் செய்தி அறிந்த கொத்தனார் கித்சோஸ் ஒருவரையும் கேட்காமல் கதவை உடைத்து அண்ணனை வெளியே தூக்கி வந்திருந்தார். இரண்டாம் நாள் அண்ணன் மருத்துவமனையில் இறந்தார். முன்னதாகவே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். நான் எங்கே போயிருந்தேன் என்பது மருத்துவருக்குத் தெரியாது.

8. நாற்பதாம் நாள் சடங்குக்குக் கோதுமை வேகவைத்துக் கோவிலுக்கு எடுத்துப்போய்த் திரும்பியபோது, வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. முத்திரையை உடைத்த குற்றத்துக்காகக் கித்சோஸ் ஆஜராக வேண்டும் என்றும், கதவைப் பழையபடி பொருத்தி மறுமுத்திரைக்கு நான் ஆயத்தமாக வைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. இறப்புப் பதிவில் அண்ணன் பெயருக்கு எதிரே "எதிரி நாட்டவர்" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே, ஐயா, கித்சோஸ் மீதான அறிவிப்பைத் திரும்பப் பெறுமாறும், இறப்புப் பதிவிலிருந்து அச்சொல்லை அடித்து நீக்குமாறும் வேண்டுகிறேன். அந்தக் கதவை உடைத்திருக்க வேண்டியவள் நான். யாராவது ஆஜராகித்தான் தீர வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பங்கு வீட்டை நான் கேட்கவில்லை. போர் முடிந்துவிட்டதென்றால், எந்தத் தேதியில் முடிந்தது என்று தங்கள் கையெழுத்திட்டு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

முடியவில்லை என்பதே தங்கள் பதிலானால், மறுமுத்திரை வைக்க ஆட்களை அனுப்பலாம். என் கட்டிலை மேற்கு அறைக்கு மாற்றிவிட்டேன். கதவு பொருத்தப்படவில்லை. அவர்கள் வரும்போது நான் உள்ளே இருப்பேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அக்லாயியா ட்சூமா
(கையொப்பம்)

இடம்: மெலிசோராகி
நாள்: 19 ஏப்ரல் 1993

இணைப்பு: 1. அனுமதி மறுத்த கடிதங்கள் இரண்டு. 2. செய்தித்தாள் நறுக்கு. 3. இறப்புச் சான்றின் நகல்.