ஹீலியம் உட்காராது

ஜூலை 11, திங்கள்
வெயில். ஆம்பூரில் ஜூலையும் மே மாதம்தான். காற்று தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து, ஒரே நாற்றம். ஃபேன் ஓடவில்லை. பிளஸ் ஒன்னில் மந்த வாயுக்கள். ஆர்கான் மைனஸ் 186-ல் திரவமாகும் என்றேன். கடைசி பெஞ்ச்: "மிஸ், அங்க போயி கிளாஸ் வெச்சிக்கலாமா?" கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

ஹெச்.எம். அம்மா கூப்பிட்டார். வியாழன் இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறாராம். என் பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் குடியாத்தம், அப்பாவின் தறிச் சத்தம், மாப்பிள்ளை பார்க்கும் படலம்.

வாங்க: கலர் சாக்பீஸ், சேஃப்டி பின்.

ஜூலை 12, செவ்வாய்
திரவ ஆர்கானுக்கு எங்கே போக? பள்ளியில் ஐஸ்கூட இல்லை. பெண்களையே வாயுவாக்கிவிட்டேன். ஆறு பேர், கழுத்தில் பெயர் அட்டை. நடந்தால் வாயு. நின்ற இடத்தில் ஆடினால் திரவம். உட்கார்ந்தால் திடம். நான் வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே வருவேன். ரேடான் முதலில் உட்காரும்.

ஆர்கான் கமலாவுக்குக் கோபம். "இன்னா மிஸ், இப்பதான் ஆட ஆரம்பிச்சேன், அதுக்குள்ள உக்காரணுமா?" மைனஸ் 189-ல் திடம். நான் என்ன செய்ய?

ஹீலியம், மும்தாஜ். மற்ற நாளிலேயே உட்கார மாட்டாள். மைனஸ் 269-ல் திரவம். அதற்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தாலும் திடமாகாது, பயங்கர அழுத்தம் கொடுத்தால் தவிர. இதையெல்லாம் அவளிடம் சொல்லி, "உட்காரவே கூடாது" என்றேன்.
"யார் சொன்னாலுமா மிஸ்?"
"யார் சொன்னாலும்."

ஜூலை 13, புதன்
ஒத்திகை. நியான் கிரிப்டானின் காலை மிதித்துவிட்டாள். யாரோடும் வினைபுரியாத வாயுக்கள், முடியைப் பிடித்துச் சண்டை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால்.

ஜூலை 14, வியாழன்
ஹெச்.எம். அம்மாவோடு இன்ஸ்பெக்டர் அம்மா நுழைந்தார். வகுப்பு எழுந்தது. "உக்காருங்கம்மா." ஆம்பூர் வெயிலில் ஐந்து மந்த வாயுக்கள் ஒரே நொடியில் திடம். மும்தாஜ் மட்டும் நின்று ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கால்ல ஏதாச்சும் கட்டியா?"
"இல்ல மேடம். ஹீலியம் உக்காராது."
"நான் சொல்றேன், உக்காரு."
"எவ்ளோ குளுரானாலும் உக்காராது மேடம். மிஸ் சொல்லிக்கீறாங்க."

உட்காரு என்று கண்ணைக் காட்டினேன். அவளும் காட்டினாள், எல்லாம் சரியாகத்தான் போகிறது என்பதுபோல. எனக்குக் குடியாத்தம் பஸ்ஸே தெரிந்தது. ஹெச்.எம். அம்மா, நல்ல கனமான உடம்பு, பின்னாலிருந்து வந்து அவள் தோள் இரண்டையும் பிடித்து அமுக்கினார். பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இப்ப மட்டும் ஹீலியம் எப்படி உக்காந்துச்சு?" இன்ஸ்பெக்டர் அம்மா.
"ஹெச்.எம். மேடம் அழுத்தம் குடுத்தாங்க மேடம். அழுத்தம் ஜாஸ்தியானா திடமாய்டும்."

இன்ஸ்பெக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா, கோபமா, தெரியவில்லை.

ஜூலை 15, வெள்ளி
மழைத் தூறல். ஹெச்.எம். அறை.
"உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிட்டுப் போயிருக்காங்க. இன்னாத்துக்கு அழுவுற? கண்ணைத் துடை. ஆனா ஒண்ணு, இனிமே உன் பாடத்துல எந்த வாயுவையும் நான் அமுக்க மாட்டேன்."